இரண்டாவது பாத்தியைத் திறக்காதீர்கள்

பைக்காராவைத் தாண்டியதும் ஜீப்பின் ஹீட்டர் உயிரை விட்டது.

"பாஸ், இந்தக் கேஸ் முடிஞ்சதும் ஹீட்டரைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்றேன், ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டே.

"நீதான். போன மாசமே சர்வீஸுக்கு விடச் சொன்னேன்" என்றார் தினகரன்.

எங்கள் பாஸ் இப்படித்தான். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து விநாடி போதும், குற்றவாளி நானாக இருந்தால். மற்றவர்கள் என்றால் ஐந்து நாள் ஆகும், என் தூக்கமும் போகும்.

என் பெயர் செலஸ்டின். ஊட்டி காந்தலில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது தினகரன் துப்பறியும் நிலையம். அங்கே உதவியாளர், டைப்பிஸ்ட், டிரைவர் மூன்றும் நானே. பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். அந்தப் படிப்பால் இதுவரை ஒரு கப் டீகூடக் கிடைத்ததில்லை. நேற்று மாலைதான் முதன்முறையாக அதற்கு வேலை வந்தது.

நேற்று வந்த ஆள் நாற்காலியில் உட்காரவில்லை. கொண்டுவந்த பிஸ்கட் டின்னை நாற்காலியில் வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டிருந்தார். பெயர் பரமசிவன். ஐம்பத்தெட்டு வயது. நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் நர்சரி வேலை. ஏழு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். டின்னைத் திறந்தால் உள்ளே சாண் உயரத்தில் ஒரு தேயிலை நாற்று. கொதிக்கும் நீரை ஊற்றியதுபோல் இலைகள் பழுப்பாகச் சுருண்டு கிடந்தன.

"யாரோ மருந்தடிச்சிக் கொன்னுட்டாங்கய்யா. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சிச் சொல்லுங்க" என்றார்.

பிணம் டின்னில் வந்த முதல் கேஸ் என்று என் வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

கதை இதுதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் உறைபனி கொட்டிய ஒரு ஜனவரியில் எஸ்டேட்டின் எட்டாம் நம்பர் தேயிலைக் காடு முழுக்கக் கருகிப்போயிற்று. நடுவில் ஒரே ஒரு தேயிலைச் செடி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பச்சையாக நின்றது. அடுத்த பனிக்கும் நின்றது. அதற்கடுத்ததற்கும். பரமசிவன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தினமும் போய் அந்தச் செடியைப் பார்த்துவிட்டு வருவார். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தில் எல்லோரும் அதை 'பரமசிவன் சம்சாரம்' என்றே கூப்பிட்டார்களாம். மூன்று மானேஜர்களிடம் கெஞ்சி, நான்காவது மானேஜர் காலத்தில்தான் அதன் கிளையை வெட்டி நாற்றுப் போட அனுமதி கிடைத்தது. போன மழையில் மண்சரிவு வந்து தாய்ச்செடியை வேரோடு கொண்டுபோயிற்று. மிச்சம் இருந்தவை அந்த நாற்றுகள்தான், இரண்டு பாத்தி. ஏப்ரலில் புதுக் காட்டில் நடுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை முதல் பாத்தி ஒரே பகலில் செத்துவிட்டது. நானூற்று முப்பது நாற்றுகள்.

சந்தேகம் விஜயன் மேல். எஸ்டேட்டில் களைக்கொல்லி அடிக்கும் ஆள். மருந்து ஸ்டோர் சாவி அவன் இடுப்பில் இருக்கிறது. நர்சரிப் பக்கம் மருந்து கேனோடு வராதே என்று பரமசிவன் ஒருமுறை அவனை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறார். போதாததற்கு, வியாழன் காலை அவன் நர்சரிப் பக்கமிருந்து ஓடிவந்ததை வாட்ச்மேன் பார்த்திருக்கிறான். மானேஜர் அவனை சஸ்பெண்ட் செய்துவிட்டார். இன்று சனிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. வேண்டுமென்றே செய்தான் என்று முடிவானால் டிஸ்மிஸ். லயத்து வீட்டையும் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். அவன் மனைவி ராஜகுமாரிக்கு ஏழாம் மாதம்.

"அவனேதான்னா எனக்கு அது தெரிஞ்சாகணும். அவன் இல்லன்னாலும் தெரிஞ்சாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் பரமசிவன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த நர்சரி ஒரு சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே இருந்தது. பரமசிவன் குரங்குக் குல்லாயோடு வாசலிலேயே காத்திருந்தார். மூன்று பாத்திகள். முதல் பாத்தி முழுக்கச் சாவு. இரண்டாவது பாத்தி மேல் மிலார்க் கிளைகளை அடர்த்தியாகப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். மூன்றாவது பாத்தியில் நாற்றுகள் பச்சைப் பசேலென்று வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உரச்சாக்குகள் மடித்துக் கிடந்தன.

மிலார் என்றால் பொடி இலையோடு புதராக வளரும் செடி. பனி மாதங்களில் இந்த மலையில் நாற்று வைத்திருப்பவர்கள் சாயங்காலம் அதை வெட்டிப் போர்த்துவார்கள், காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுவார்கள். பூங்காவில் பூச்செடிகளுக்கும் இதே போர்வைதான்.

"ஏனுங்க பரமசிவன், ரெண்டாவது பாத்தியை ஏன் இன்னும் திறக்கலை?" என்று பாஸ் கேட்டார்.

"வியாழக்கிழமை ஒம்பது மணிக்கு மொதப் பாத்திய எப்பவும்போலத் தொறந்தேன்யா. இது மர நிழல்ல கெடக்குது, பனி மெதுவா எறங்கும். பன்னெண்டுக்குத்தான் தொறப்பேன். அதுக்குள்ள மொதப் பாத்தி வாட ஆரம்பிச்சிருச்சு. அதுக்கப்புறம் இத தொறக்க எனக்குக் கை வரல. மூணு நாளா மூடியே வச்சிருக்கேன். உள்ள பச்சையாத்தான் இருக்குதுங்க."

"மூணாவது பாத்தி?"

"அது கம்பெனிச் செடி. சாதா ரகம். புதன்கிழமை புது மிலார் வெட்டியாந்தேன், அது நம்ம ரெண்டு பாத்திக்குத்தான் பத்துச்சு. கம்பெனிப் புள்ளைங்களுக்குச் சாக்குப் போதும்னு விட்டுட்டேன்." அந்தப் பாரபட்சத்தைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

நான் முதல் பாத்தியில் மண்டியிட்டேன். இதுவரை பிணத்தைப் பார்த்தால் பாஸ் பின்னால் ஒளிந்துகொள்பவள் நான். இங்கே பாஸ்தான் என் பின்னால் நின்றார்.

"உறைபனி இல்லை பாஸ். பனின்னா மேல் இலை மொத்தமாக் கருகும். இங்க சொட்டுச் சொட்டா விழுந்து பரவின மாதிரி இருக்கு. மருந்துதான். ஆனா எந்த மருந்துன்னு கேளுங்க."

"கேட்டாச்சு. சொல்லு."

"புல் மருந்துல பல ஜாதி இருக்கு. ஒண்ணு அடிச்சா பத்து நாள் கழிச்சுக் கொழுந்து மஞ்சளாகும். இன்னொண்ணு வேர் வழியா ஏறி அடி இலையிலேருந்து வெளுக்கும். இது மஞ்சளே ஆகலை, ஒரே பகல்ல பழுப்பாயிடுச்சு. அப்படின்னா இது வெயிலை வச்சுக் கொல்ற மருந்து."

பாஸ் புருவத்தைத் தூக்கினார். பரமசிவனும் குனிந்தார். மூன்று வருஷம் கல்லூரியில் யாரும் என் வாயை இப்படிப் பார்த்ததில்லை.

"குந்தாவுல பவர் ஹவுஸ் இருக்குல்ல? இலையும் ஒரு பவர் ஹவுஸ்தான். அங்க தண்ணி விழுந்தா கரண்ட். இங்க வெயில் விழுந்தா கரண்ட். அந்தக் கரண்டை வச்சுத்தான் செடி தனக்குச் சோறு ஆக்குது. இந்த மருந்து நடுவுல ஒரு கொக்கி போட்டுக் கரண்டைத் திருடிடும். திருடினதைச் சும்மா வச்சுக்காம இலைக்குள்ள இருக்கிற காத்து மேல எறிஞ்சிடும். அந்தக் காத்து விஷமா மாறி இலையோட தோலையே எரிச்சிடும். வெயில் எவ்வளவு நல்லா அடிக்குதோ, செடி எவ்வளவு சுறுசுறுப்பா வேலை செய்யுதோ, அவ்வளவு சீக்கிரம் சாகும்."

"வெயில் இல்லைன்னா?" என்றார் பாஸ்.

"கரண்டும் இல்லை, தீயும் இல்லை. மருந்து உள்ளேயே சும்மா உக்காந்திருக்கும்."

பாஸ் இரண்டாவது பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பரமசிவனிடம் கேட்டார்: "வியாழன் காலை நீங்க திறந்தப்போ கயிறு எப்படி இருந்துச்சு?"

"நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சுங்க. தொறந்ததுல இருந்து நான் எடத்த விட்டு நகரவே இல்ல."

"பாஸ்!" என்று கத்தினேன். "திறக்கிறதுக்கு முன்னாடி யாரும் உள்ள போகலை. திறந்த பிறகு சாட்சி பக்கத்துலயே இருக்கார். பூட்டின அறைக்குள்ள கொலை! கதவு மட்டும் மிலார்ல செஞ்சிருக்கு."

"சந்தோஷப்படாதே. உள்ளேயிருந்து மூணு நாற்று எடு" என்றார் பாஸ்.

பரமசிவன் பாத்தியை மறித்து நின்றார். "வேணாம்யா. தொறந்தா செத்துரும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. தோன்றியது, அவ்வளவுதான். கடைசியில் மிலாரை ஒரு மூலையில் விரல் அளவு விலக்கி, மூன்று நாற்றுப் பைகளை அவரே உருவிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்திருந்தார்.

ஒரு நாற்றை முழு வெயிலில் வைத்தோம். இரண்டாவதையும் வெயிலில்தான் வைத்தேன், ஆனால் அதன் பெரிய இலையின் நடுவில் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒரு பட்டையாகச் சுற்றினேன். சாக்லேட்டை வீணாக்காமல் நானே சாப்பிட்டேன். விஞ்ஞானத்துக்கு என் தியாகம். மூன்றாவது நாற்று அட்டைப்பெட்டிக்குள், ஜீப் சீட்டுக்கு அடியில். ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது பாத்தியிலிருந்து ஒரு கம்பெனி நாற்றையும் வெயிலில் நிறுத்தினோம். மணி ஒன்பதரை.

"இந்த மிலாரை எங்க வெட்டினீங்க?" என்று பாஸ் சாதாரணமாகக் கேட்டார். அவர் சாதாரணமாகக் கேட்டாலே நான் நோட்டை எடுத்துவிடுவேன்.

"கூடலூர் ரோட்டு வளைவுக்குக் கீழ இருக்குங்க. இங்க பக்கத்துல இருக்கறதெல்லாம் எல உதிர்ந்து கெடக்குது. அங்க தளதளன்னு நின்னுச்சு. நம்ம புள்ளைங்களுக்கு நல்லதாப் போத்தணும்னு அவ்வளவு தூரம் போயிச் சொமந்துட்டு வந்தேன்" என்றார் பரமசிவன். அப்போதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

ரோட்டு வளைவுக்குப் போனதும் புரிந்துவிட்டது.

சாலைச் சரிவில் நூறு அடி நீளத்துக்குப் புல்லெல்லாம் பழுப்பாகச் செத்துக் கிடந்தது. நடுவில் மிலார்ப் புதர்கள். பாதிப் புதர் அரிவாளால் வெட்டப்பட்டு மொட்டையாக நின்றது. வெட்டாமல் விட்ட மீதிப் பாதி, முதல் பாத்தி நாற்றுகளைப் போலவே கருகியிருந்தது. சரிவின் தொடக்கத்தில் ஒரு குச்சி, அதில் சிவப்புத் துணி. மருந்தடித்த இடத்தில் துணி கட்ட வேண்டும் என்பது எல்லா எஸ்டேட்டிலும் உள்ள வழக்கம். மாட்டுக்குப் புல் அறுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள்.

"புதன் சாயங்காலம் அடிச்சிருக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அன்னிக்கு முழுக்க மூடுபனி. வெயிலே இல்லை. மருந்து விழுந்தும் மிலார் பச்சையாவே நின்னிருக்கும். பார்த்தா தளதளன்னுதான் தெரியும். அவர் வெட்டிட்டுப் போய்ப் போர்த்தியிருக்கார். ராத்திரிப் பனி மிலார்ல படிஞ்சு கரைஞ்சு, இலை மேல மிஞ்சின மருந்தோட சேர்ந்து ஒவ்வொரு நாற்று மேலயும் சொட்டியிருக்கு. சாக்குப் போட்ட பாத்தி மட்டும் தப்பிச்சிருக்கு."

"பூட்டின அறைன்னு சொன்னியே, கொலை செஞ்சதே கதவுதான்" என்றார் பாஸ். வெற்றி அவர் குரலில் துளியும் இல்லை.

"ஆனா துணி கட்டியிருக்கே பாஸ்? அவருக்குத் தெரியாத வழக்கமா?"

பாஸ் உட்கார்ந்து, குச்சியை மெதுவாக மண்ணிலிருந்து உருவினார். அதன் கூர்முனையில் ஒரு வெட்டுப்பட்ட மிலார்த் துணுக்கு குத்திக்கொண்டு வந்தது. குச்சி நின்ற குழிக்குள்ளும் இரண்டு பொடி இலைகள் அமுங்கிக் கிடந்தன. அதாவது பரமசிவன் வெட்டியபோது சிதறிய குப்பையின் மேல்தான் குச்சியை ஊன்றியிருக்கிறார்கள். முதலில் வெட்டு, பிறகுதான் துணி. பாஸ் குச்சியைத் திரும்ப அதே குழியில் ஊன்றினார்.

விஜயன் லயத்து வீட்டில் தகர டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். விசாரணைக்கு முன்பே தண்டனைக்குத் தயாராகிவிட்ட ஆள். ராஜகுமாரி கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"துணியை எப்போ கட்டினே?" என்றார் பாஸ். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவன் கயிற்றை விட்டுவிட்டான். "வியாழக்கெழம காலைலங்க" என்றான். "புதன்கெழம வேல முடியற சங்கு ஊதறதுக்குள்ள கேனை ஸ்டோர்ல ஒப்படைக்கணும். கையில துணி இல்ல. இந்த மூடுபனியில எவன் அங்க வரப்போறான், காலைல கட்டிக்கலாம்னு வந்துட்டேன். பதினொரு மணிக்குத் துணியோட போனா, மிலாரு மொட்டையா நிக்குது. யாரு வெட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. துணிய ஊனிட்டு நர்சரிக்கு ஒரே ஓட்டமா ஓடினேன். அதுக்குள்ள மொதப் பாத்தி தொறந்து கெடந்துச்சு. பரமசிவன் மாமா அதுக்குப் பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு செடியாத் தூக்கிப் பாத்து அழுதுட்டு இருந்தாரு. நான் திரும்பி ஓடிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"என்னன்னுங்க சொல்றது? உம்புள்ளைங்கள நீயே உங்கையால வெசத்தப் போத்திக் கொன்னுட்டேன்னா? நான் அடிச்சேன்னு நெனச்சா அவருக்கு என்மேல கோவம் இருக்கும். திட்டுவாரு, சாபம் விடுவாரு, உசுரோட இருப்பாரு. தன்னாலதான்னு தெரிஞ்சா மனுசன் தாங்க மாட்டாரு. துணி கட்டாதது என் தப்பு. நான் போறேன்."

ராஜகுமாரி தலையைத் திருப்பாமலே, "எங்க போறது?" என்றாள்.

வெளியே வந்ததும், "பாஸ், துணி கட்டலைங்கறது அலட்சியம்தான். வார்னிங்கோட போகும். வேணும்னே அடிச்சான்னாத்தான் டிஸ்மிஸ். நாம உண்மையைச் சொன்னா இவன் பிழைப்பான்" என்றேன்.

"சொன்னா பரமசிவன் கதி?"

"சொல்ல வேண்டாம் பாஸ்."

"சொல்லலைன்னா இவங்க மூணு பேரும் தெருவுல." மூன்று என்று அவர் பிறக்காத குழந்தையையும் சேர்த்துக்கொண்டது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"ரெண்டாவது பாத்தியையாவது காப்பாத்த முடியுமா? கழுவி விட்டா?" என்றார்.

இந்தக் கேஸில் பாஸ் என்னிடம் உதவி கேட்ட ஒரே இடம் அது. என் படிப்பு முழுவதையும் தோண்டிப் பார்த்தேன். மருந்து இலை மேல் விழுந்த அரைமணியில் உள்ளே போய்விடும். பிறகு ஆற்றையே திருப்பி விட்டாலும் போகாது. வெயில் பட்டிருந்தால் விழுந்த இடத்தை எரித்துவிட்டு அங்கேயே நின்றிருக்கும், தண்டாவது மிஞ்சியிருக்கலாம். மூன்று நாள் இருட்டில் அது நிதானமாக ஊர்ந்து நரம்பு நரம்பாகப் போயிருக்கும். அவர் காப்பாற்றுவதாக நினைத்து மூடி வைத்த ஒவ்வொரு மணி நேரமும் விஷத்துக்கு வழி விட்ட நேரம். திறந்தால் வெயிலில் சாகும். மூடியே வைத்தால் வெயிலில்லாமல் பட்டினியில் சாகும்.

"முடியாது பாஸ்" என்றேன். அவ்வளவு படித்ததற்கு எனக்குச் சொல்லக் கிடைத்தது அதுதான்.

நர்சரிக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டரை. பரமசிவன் எங்கள் நாற்றுகளுக்கு முன்னால் குந்தியிருந்தார். முழு வெயிலில் வைத்தது தொங்கிப்போயிருந்தது. பட்டை சுற்றிய நாற்றும் அப்படியே. நான் வெள்ளித்தாளைப் பிரித்தேன். கருகிய இலையின் நடுவில், விரல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு. ஜீப்பிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துவந்து திறந்தேன். அந்த நாற்று எந்தக் குறையும் இல்லாமல் நின்றது. கம்பெனி நாற்றுக்கு வெயிலில் ஒன்றும் ஆகவில்லை.

பரமசிவன் அந்தப் பச்சைக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பதினாறு வருஷம் ஒரே செடியைக் கவனித்த கண்ணுக்கு நாங்கள் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அப்ப ரெண்டாவது பாத்தியும் எப்பவோ செத்துருச்சு" என்றார்.

பாஸ் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். ரோட்டு வளைவு, மூடுபனி, மிலார், காலையில் வந்த துணி, விஜயன் ஓடியது, விஜயன் வாயை மூடிக்கொண்டது. எதையும் மறைக்கவில்லை, எதையும் அழுத்தியும் சொல்லவில்லை. நடுவில் ஒருமுறை பரமசிவன் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு, குளிருக்கு வைத்துக்கொள்வதுபோல் அக்குளில் வைத்துக்கொண்டார்.

"கம்பெனிச் செடிக்குப் போத்தியிருந்தா இதுங்க தப்பிச்சிருக்கும்" என்றார் கடைசியில். "நல்லத எடுத்து இதுங்களுக்குப் போத்தினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லவும் செய்யவும் எதுவும் இல்லாத இடத்தில் நிற்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அப்போது தெரிந்தது. கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

மூன்று மணிக்கு ஆபீஸ் அறையில் மானேஜர், குமாஸ்தா, சுவரோரம் விஜயன். மானேஜர் பேச ஆரம்பிப்பதற்குள் பரமசிவன் எழுந்தார்.

"தொரை, விஜயன் அடிக்கல. நான்தான் மருந்தடிச்ச எடத்துல மிலாரு வெட்டிப் போத்திட்டேன். எம்மேலதான் தப்பு."

மானேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "மருந்தடிச்ச இடத்துல துணி கட்டியிருக்கணுமே? விஜயன் கட்டலையா?"

விஜயன் வாயைத் திறந்தான். பரமசிவன் முந்திக்கொண்டார்.

"கட்டியிருந்துச்சுங்க தொரை. செகப்புத் துணி. மூடுபனியில நான்தான் கவனிக்கல."

விஜயனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாஸ் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக அவரோடு வேலை செய்கிறேன். பொய் சாட்சிக்குத் துணை போனதாக ஒரு கேஸ்கூட இல்லை.

"மிஸ்டர் தினகரன், நீங்க இடத்தைப் பார்த்தீங்கல்ல? துணி இருந்துச்சா?" என்றார் மானேஜர்.

"நான் போனப்போ இருந்துச்சுங்க" என்றார் பாஸ்.

அது உண்மைதான். அதற்கு மேல் கேட்க மானேஜருக்குத் தோன்றவில்லை.

விஜயன் மேல் சஸ்பென்ஷன் ரத்து. பரமசிவன் திங்கட்கிழமையிலிருந்து நர்சரிக்கு வர வேண்டாம். ரிட்டயர் ஆகும்வரை ஃபேக்டரியில் தூசி கூட்டும் வேலை. கவனக்குறைவுக்கு ஒரு மெமோ. இரண்டாவது பாத்தியைத் திங்கட்கிழமை காலி செய்துவிட்டு அங்கே சாதா ரகம் போட வேண்டும். மானேஜர் கெட்டவர் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது பத்து நிமிஷம். பரமசிவன் எல்லாவற்றுக்கும் சரிங்க தொரை, சரிங்க தொரை என்றார்.

வெளியே வந்ததும் விஜயன் அவர் முன்னால் போய் நின்றான். "மாமா, எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு எங்கடா போவ?" என்றார் அவர்.

பரமசிவன் நேராக நர்சரிக்கு நடந்தார். கூப்பிடாமலே நாங்களும் போனோம். இரண்டாவது பாத்திக்குப் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். சில்வர் ஓக் நிழல் விலகி, மேற்கு வெயில் பாத்தி மேல் நீளமாக விழுந்திருந்தது.

"பாப்பா, இந்த வெயில் அதுங்களுக்குப் போதுமா?" என்று என்னிடம் கேட்டார்.

எதற்குப் போதுமா என்று கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பயந்துகொண்டே, "திறந்தா எரிஞ்சிடும்ங்க" என்றேன்.

"அது தெரியும். மூணு நாளாப் பட்டினி கெடக்குதுங்க. திங்கக்கெழம எவனோ வந்து இருட்டுலேயே அள்ளிக் கொட்டுவான். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி வயிறாரத் தின்னுட்டுப் போகட்டும்."

முடிச்சை அவிழ்த்தார். மிலாரை ஒவ்வொரு கிளையாக, நாற்றில் உரசாமல் தூக்கிப் பின்னால் வைத்தார். விஜயன் அந்தப் பக்கம் போய்க் குனிந்தான். பாஸ் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு நடுவில் இறங்கினார். நானும் இறங்கினேன். யாரும் அவசரப்படவில்லை, ஆனாலும் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

நானூற்றுப் பன்னிரண்டு நாற்றுகள். எல்லாமே பச்சையாக இருந்தன.